முழு நெருப்புத் தடை நாளில் போகி

மார்கழியின் கடைசி நாள்.
மெல்பர்னின் மேற்கு விளிம்பு, டார்னிட்.
நாற்பத்து மூன்று டிகிரி என்றது கைப்பேசி.
பிறகு சிவப்புக் கட்டத்துக்குள் இன்னொரு செய்தி:
இன்று முழு நெருப்புத் தடை.

எரிக்க வேண்டியதையெல்லாம்
கராஜில் முந்தின இரவே அடுக்கியிருந்தேன்.
கால் ஒடிந்த நாற்காலி.
விமானத்தில் சுருட்டிக்கொண்டு வந்த கோரைப்பாய்.
மூன்று பெட்டி நிறையப் பல்மருத்துவக் குறிப்புகள்.
மூன்று முறை எழுதினேன் இந்த நாட்டுத் தேர்வை;
மூன்று கடிதங்களும் 'வருந்துகிறோம்' என்றே தொடங்கின.
கடைசிப் பெட்டியின் அடியில்
கல்லூரியில் நானே வார்த்த
பிளாஸ்டர் பல்வரிசை, மேலும் கீழும்.

"பிளாஸ்டர் எரியாதே" என்றார் தணிகைநாதன்.
எரியாதென்று எனக்கும் தெரியும்.

சென்னையில் இந்நேரம்
புகையில் ஓடுபாதை தெரியாமல்
விமானங்கள் வானத்தில் வட்டமிடும்.
இங்கே புகை தெரிந்தால்
வட்டமிட ஹெலிகாப்டர் வரும்.
எதிர்வீட்டு ஷெரில் தீயணைப்புத் தொண்டர்.
அவர் கொடியில் காயும் மஞ்சள் சட்டையைப் பார்த்தால்
ஊதுபத்தி ஏற்றவே கை கூசும்.

வீதியோரப் புல்லில் கொண்டுபோய் வைத்தோம்.
நகராட்சி லாரி வெள்ளிக்கிழமை வரும்.
அக்கினியின் வேலையை
இப்படி ஆரஞ்சுச் சட்டைக்காரர் இருவருக்குக் கொடுத்தேன்.

அவர்களும் வேண்டியிருக்கவில்லை.
மத்தியானமே நாற்காலி போய்விட்டது.
ஒட்டினால் நிற்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.
பாயை ஒரு பெண் தன் நாய்க்கு எடுத்துப்போனாள்.
நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு மாபியோர், வயது ஏழு,
பல்வரிசையை இரண்டு கையிலும் பிடித்துக்
கடகடவென்று காற்றைக் கடிக்கவிட்டான்.
"இது யார் வாய்?"
அமுதவாணியின் வாய் என்றேன். என் வகுப்புத் தோழி.
அச்செடுத்தபோது சிரித்துத் தொலைத்தாள்,
அதனால்தான் அந்தக் கோரைப்பல் கொஞ்சம் கலங்கியிருக்கிறது.
இப்போது சேலத்தில் அவளுக்கு மூன்று மாடி மருத்துவமனை.

அவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை.
"வாயைத் திற."
எட்டு வருடமாகச் சொல்லாத வார்த்தை,
கிடங்கில் மாத்திரைப் பெட்டி எண்ணும் வாயிலிருந்து
தானாக வந்தது.
கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன்.
ஈறைக் கிழித்துக்கொண்டு
ரம்பம்போல் ஒரு வெள்ளை விளிம்பு.
"வருது" என்றேன், தமிழில்.
அவனுக்குப் புரிந்தது.

இரவு காற்று தெற்கே திரும்பியது.
ஒரே அடியில் பதினெட்டு டிகிரி குறைந்தது;
பெட்டிகள் கவிழ்ந்து
தெரு முழுக்க என் கையெழுத்து.

தைப் பொங்கல் காலை.
இண்டக்ஷன் அடுப்பில் பால் பொங்கி வழிய
அடுப்பு மூன்று முறை அலறி
தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.
அணைந்த அடுப்பைச் சுற்றி நின்று
பொங்கலோ பொங்கல் என்று கூவினோம்.

வடக்கே திரும்பிவிட்டான் சூரியன்.
எங்கள் வீட்டுப் புரோகிதர் அதை வருகை என்பார்.
இங்கிருந்து பார்த்தால்
நம்மை விட்டுப் போகிறான்.
போகிறவனுக்கும் சோறு போட்டுத்தானே அனுப்புவோம்.

வாசல்மணி. ஷெரில்.
வேலியில் ஒட்டியிருந்ததாம், ஒரு தாள்.
"முக்கியமானதா?" என்று கேட்டார்.
கடைவாய்ப்பல்லின் குறுக்குவெட்டு,
சிவப்பு மையில் நரம்பு.
வாங்கி, நான்காய் மடித்து,
சூடான பானைக்கு அடியில் வைத்தேன்.
அவருக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன்.

வேலிக்கு அப்பால்
அமுதவாணி கடகடவென்று
எதையோ மென்றுகொண்டிருந்தாள்.