மெல்லினம்

பத்து மில்லி பாட்டில். தலையைச் சாய்த்து ஓர் அமுக்கல்.
நெற்றிக்குள் யாரோ ஷட்டரைத் தூக்கினாற்போல்
காற்று.

மழைச் சளிக்கு
ஐந்தே நாள் என்று எழுதித் தந்தது.
அது போன வருடத்து மழை.
இப்போது கத்திரி வெயில்.

சட்டைப் பையில் ஒன்று,
தலையணைக்கடியில் ஒன்று,
எழும்பூர் விசாரணைக் கவுண்டரில்
முத்திரை மைப்பெட்டிக்குப் பின்னால் ஒன்று.
ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்தது வெந்துபோயிருந்தது.
அதையும் விட்டுக்கொண்டேன்.

புரசைவாக்கத்தில் ரஹ்மத்துல்லா
என் தலை தெரிந்ததுமே பாட்டிலை எடுத்து வைப்பார்.
கூச்சமாகி ஓட்டேரிக் கடைக்கு மாறினேன்.
இப்போது அங்கும் எடுத்து வைக்கிறார்கள்.

எட்டு மணி நேரம் தாங்கியது நான்காகி
நான்கு ஒன்றரையாகிவிட்டது.
திறந்துவிட்டதே திரும்பி வந்து அடைக்கிறது.
கந்துவட்டி எப்படி வளரும் என்று
வியாசர்பாடிக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்.

ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது:
வல்லினம் நெஞ்சில் பிறக்கும்,
மெல்லினம் மூக்கில்.
பாட்டில் தீர்ந்த ஒரு மாலை, மைக்கில்
மாம்பலம் பாப்பலப் ஆனது.
நுங்கம்பாக்கம் துக்கப்பாக்கப்.
"சார், துக்கப்பாக்கத்துக்கு ரிட்டர்ன் உண்டா?"
என்றான் ஒரு கல்லூரிப் பையன்.
வீட்டில் ஞானமணியைக் கூப்பிட்டால்
சாதபடி என்று வருகிறது.
"எத்தனை படி?" என்கிறாள்.

கீழ்ப்பாக்கம் டாக்டரம்மா சொன்னார்:
ஒரேயடியா நிறுத்தினா ஓடிப்போயிடுவீங்க.
இடது பக்கத்தை மட்டும் விடுங்க.
வலது மூச்சு விடட்டும்,
இடது அழுதா அழட்டும்.

அழவில்லை. சிமென்ட் போல் இறுகியது.
மூன்றாம் இரவு ஒன்றேகாலுக்கு
சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கி,
நாக்கு அட்டையாய் உலர,
கை தலையணைக்கடியில் போனது.
ஞானமணி கண் திறக்காமல் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"எந்தப் பக்கம்?"
"வலது."
அன்றைக்கு அது பொய்.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பதினோராம் நாள் விடியலில்
ஷட்டர் சத்தம் எதுவும் இல்லாமல்
இடதில் ஒரு நூல் காற்று.
முதலில் வந்தது என் தலையணையின் நாற்றம்:
எண்ணெய், பழைய எச்சில்.
இதன் பக்கத்திலா அவள் இத்தனை மாதம் படுத்திருந்தாள்?
பிறகு வேலையில், கண்ணாடி ஓட்டை வழியே
கூவம், முழுசாக.
மூக்கைப் பொத்தப் போன கையைக் கீழே இறக்கினேன்.

வலதுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.
பையில் பாட்டில் இருக்கிறது.
அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டமில்லாத மதியம்
மைக்கை அணைத்துவிட்டு
மீனம்பாக்கம் என்றேன்.
மீனம்பாக்கம்.
மூன்றாம் முறை சொல்லும்போது
மல்லிக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா
கண்ணாடியைத் தட்டினார்:
"எந்த பிளாட்பாரம்பா?"