பட்டும் படாமலும்

பதினான்காம் நம்பர் மெஷினுக்கு
நீலப் பட்டுத்துண்டு கட்டிவைத்திருக்கிறார் லுவ்சன்.
ராசியில்லாத மெஷினாம்.
ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து
திரை கறுத்துவிடும்.
அதில் உட்கார்ந்தவன் ஜெயித்ததில்லை.

உலான்பாத்தரில் ஜனவரி.
பேருந்துக் கண்ணாடிக்கு உட்பக்கமும் பனி.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
உள்ளே, பிராசஸரில், தொண்ணூற்றொன்பது.

போன வாரம் ஜன்னலைத் திறந்து
அதன் அடியில் நகர்த்திப் பார்த்தார்களாம்.
ஆடியவனின் விரல் விறைத்தது,
மெஷின் ஆறவில்லை.

"பேஸ்ட் காய்ந்திருக்கும்" என்றேன்,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.
எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்வேன்,
பெரும்பாலும் அதுதான்.

உச்ரல் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான்.
பகலில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவன்,
இரவில் இதே பதினான்கு.
மற்றதில் உட்கார்ந்தால்
முதுகு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"இது என்ன, ஒட்டுகிற பசையா?"

இல்லை.
கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு உலோகம்
ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தாலும்
தொடுவது அங்கொன்று இங்கொன்றுதான்.
மிச்சமெல்லாம் காற்று.
காற்று சூட்டை வாங்கும்,
கொடுக்க மனசு வராது.
அந்தக் காற்றைத் துரத்தத்தான் இது.

"நிறையப் போட்டால்?"
நிறையப் போட்டால் இதுவே சுவர்.
ஒரு பட்டாணி. அவ்வளவுதான்.

நான்கு திருகு.
ஒன்றை அரைச்சுற்று, எதிர்மூலையை அரைச்சுற்று.
ஹீட்சிங்க்கைப் பிடுங்கக் கூடாது,
திருக வேண்டும், மெதுவாக,
தூங்குகிறவன் தலைக்கடியிலிருந்து
கையை எடுப்பதுபோல்.

வந்தது.
திருப்பினேன்.

செம்பு பளபளத்தது.
நாலு வருஷப் பேஸ்டுக்கு மேல்
செம்பு இப்படிப் பளபளக்கக் கூடாது.

நகத்தால் ஓரத்தைத் தட்டினேன்.
எழுந்தது
ஒரு பிளாஸ்டிக் தாள்.
வெங்காயத் தோலின் கனம்.
அதில் சிவப்பு எழுத்து:
பொருத்துமுன் உரிக்கவும்.

நாலு வருஷம்
நெஞ்சோடு நெஞ்சு திருகிவைத்த இரண்டும்
ஒருநாளும் தொட்டதில்லை.

எந்தக் கழுதை பொருத்தினான் என்று
வாயெடுத்தேன்.
பெட்டியின் உட்பக்கத் தகட்டில்
கறுப்பு மையில் தேதி.
கீழே, வால் சுழித்த ஒரு 'ஒ'.
என் 'ஒ'.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்,
ஒரே ராத்திரியில் இருபது மெஷின்.
பதினான்கு வரும்போது
மணி மூன்றோ என்னவோ.

உச்ரல் டார்ச்சை அசைக்கவில்லை.

ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன்.
சிப்பில் ஒரு தடவை,
செம்பில் மூன்று தடவை
(செம்புக்கு ஒரு தடவையே போதும்).
ஒரு பட்டாணி வைத்தேன்.
அழுத்தினேன். அரைச்சுற்று, எதிர்மூலை.
ஓரத்தில் சாம்பல்நிறம் ஒரு கோடு பிதுங்கி
நின்றுகொண்டது.

அறுபத்தொன்று.
விமானம்போல் இரைந்த காற்றாடி
இருக்கிற இடம் தெரியவில்லை.

லுவ்சன் கல்லாவிலிருந்தே கேட்டார்,
"என்னவாம்?"
"பேஸ்ட் காய்ந்திருந்தது."
"பட்டுத்துண்டும் கட்டினேனே" என்றார்,
உப்புப் பால்டீ ஊற்றிக்கொண்டே.
ஆமாம் என்றேன்.

உச்ரல் மட்டும் கை நீட்டினான்.
தாளைக் கொடுத்தேன்.
ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து
அதன் வழியாக என்னைப் பார்த்தான்.
"நாலு வருஷம் நான் தோற்றதையெல்லாம்
கணக்குப் போடட்டுமா?"

போடு என்றேன். வேறென்ன சொல்ல.

அவன் சிரித்து, உட்கார்ந்து,
ஹெட்போனை மாட்டினான்.
கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது,
நின்று பார்த்தேன்.
நாற்பது நிமிஷம்.
ஆட்டம் சூடுபிடித்தது.
திரை கறுக்கவில்லை.
எண் அறுபத்து நாலைத் தாண்டவில்லை.

உச்ரல் தோற்றான்.
முழு வெளிச்சத்தில்,
தன் கையாலேயே.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு பட்டுத்துண்டின் முடிச்சை
இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.