தகட்டின் முதுகு

லூயிவில் நகரம், கென்டக்கி, 1863

இடவலம் மாற்றி எழுதுவதே என் தொழில்.
வெள்ளீயத் தகட்டில் சுரம் சுரமாய்,
எழுத்தெழுத்தாய், முளைவைத்துத்
தட்டி இறக்குவேன்.
மை பூசித் தாளை அழுத்தினால்தான்
சொல் நேராகும்.

ஆங்கிலம் எனக்கு அரைகுறை.
பிரேமன் துறைமுகத்தில் கப்பலேறியபோது
கையில் இருந்தது அப்பாவின் அச்சுமுளைப் பெட்டி,
கூடவே ஒரு செவிட்டுக் காது.
ஆனாலும் ‘அம்மா’ என்ற சொல்லைக்
கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும்.
இந்த வருஷம் மட்டும்
முந்நூற்றுப் பதினொரு முறை அடித்திருக்கிறேன்.

முதலாளி ஆர்க்கட் சொல்வார்:
“கொடிப் பாட்டு ஒரு மாதம் விற்கும், ஓட்டிலீ.
அம்மா பாட்டு சண்டை ஓயும்வரை விற்கும்.”
அப்படி ஒன்று கிடைத்தது அவருக்கு.
களத்தில் விழுந்த பையன், மேலே நிலா,
பையில் யாருடைய முடிக்கற்றையோ.
மூன்று சரணம் முழுக்கச் சாகிறான்.
போகிற மூச்சில் இவ்வளவு பாட முடியுமா என்று
நான் கேட்கவில்லை.
எனக்குக் கூலி எழுத்துக் கணக்கில்.

இரண்டாம் அடியில் அவன் சட்டையின் நிறம் வரும்.
முன்வாசலில் விற்பதற்கு நீலம்.
பின்வாசலில், பழுப்புத் தாளில் சுற்றி,
ஒரு டாலர் கூட்டி விற்பதற்குச் சாம்பல்.
ஈயமெல்லாம் தோட்டாவுக்குப் போகிறது,
இன்னொரு தகட்டுக்கு வழியில்லை.
நல்லவேளை, ஆங்கிலத்தில்
நீலத்துக்கும் நான்கெழுத்து,
சாம்பலுக்கும் நான்கெழுத்து.
கவராயத்தால் இடம் குறித்து,
தகட்டைக் கவிழ்த்து முதுகில் சுத்தியலால் நாலு தட்டு.
பள்ளம் மேடேறி மழுங்கும்.
தேய்த்துவிட்டுப் புது நிறம் அடிக்கலாம்.
திங்கள் நீலம். வியாழன் சாம்பல்.
சாகிற பையன் அதே பையன்.

அந்த அவசரத்தில்தான்
ஒன்பதாம் கட்டத்தில் ஒரு சுரம்
ஒரு கோடு கீழே விழுந்துவிட்டது.
‘அம்மா’ என்று ஏறவேண்டிய குரல்
அங்கே சறுக்கி இறங்கும்.
எண்ணூறு தாள் போனபிறகுதான் பார்த்தேன்.
யாரும் குறை சொல்லவில்லை.
“அந்த இடம்தான் நெஞ்சை அறுக்கிறது” என்று
ஒரு பாதிரியார் கடிதம் போட்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை ஹெப்சிபா வேரிங் வந்தாள்.
நீலமும் கேட்டாள், சாம்பலும் கேட்டாள், குரலைத் தாழ்த்தாமலே.
இரண்டையும் மேசையில் பக்கம்பக்கமாய் வைத்து
விரலால் வரிவரியாய்த் தடவினாள்.
“மெட்டு ஒன்றுதானே?”
“ஒன்றுதான் அம்மா.”
“பெரியவன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் சேர்ந்தான்.
சின்னவன் போனது தெற்கே.”
ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள்.
“ஒன்று போதும். அந்த வார்த்தை வரும்போது
வாயை மூடிக்கொள்கிறேன்.”
எதைத் திருப்பித் தந்தாள் என்று ஆர்க்கட் கேட்டார்.
மறந்துவிட்டது என்றேன்.

வீணான தாள்களை அடுப்பெரிக்க
மருத்துவமனைக்குக் கொடுப்பது வழக்கம்.
புகையிலைக் கிடங்காய் இருந்த கட்டடம்,
காயத்தின் வாடைக்கு அடியில் இன்னும் புகையிலை வாடை.
அங்கே எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை.
ஓரக் கட்டிலில் தாடை கட்டிய ஒருவன்
சொல்லில்லாமல் முனகிக்கொண்டிருந்தான்.
நல்ல காதைக் குனிந்து கொடுத்தேன்.
ஒன்பதாம் கட்டம் வந்தது.
சறுக்கினான்.

என் பிழை.
என் கையிலிருந்து புறப்பட்டு
எத்தனை முகாம் சுற்றி இவன் தொண்டைக்கு வந்ததோ.
திங்கட்கிழமைத் தாளா, வியாழக்கிழமைத் தாளா?
முனகலுக்கு நிறமில்லை.
சரியான சுரம் என் உதடுவரை வந்தது.
விழுங்கிவிட்டு, விறகுப்பெட்டியில் கட்டைப் போட்டுவிட்டு
வந்துவிட்டேன்.

நாளை வியாழன்.
தகட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
அந்த நான்கெழுத்துக்கு அடியில்
வெங்காயத் தோலாய் மெலிந்திருக்கிறது ஈயம்.
இன்னும் இரண்டு தட்டுத் தாங்கும்,
மூன்றாவதில் ஓட்டை.
ஆர்க்கட்டிடம் சொல்லவில்லை.