பின்னோக்கி எண்ணுதல்

ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்துவிடும்.
அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்,
ஹட்டன் பஸ் நிலையத்தின் பின்னால்
வேனுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு.

ஐந்தரைக்குத் துறைமுக வாசல்.
அவிசாவளை நெரிசலுக்கு ஒரு மணிநேரம்.
கினிகத்தேனை வளைவில்
யாராவது வாந்தியெடுக்கப் பத்து நிமிடம்.
ஒரு மணிக்கு இறங்கியாக வேண்டும்.

மேலே மிச்சம் இரண்டே மணிநேரம்:
தொழிற்சாலை, கேக், தேநீர்,
ரோட்டோரம் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

யோகமலருக்குப் போன் போட்டேன்.
"வியாழக்கிழமையா மச்சான்?
ரோட்டுப் பக்கம் கொழுந்தில்ல,
நாங்க ஏழாம் நம்பர் மலை.
முந்நூறு படி ஏறி வரட்டும்.
அட்டைக்கு உப்பு கொண்டாரச் சொல்லுங்க."

வருவது பன்னிரண்டு பேர்.
மூவருக்கு முழங்கால் ஆபரேஷன்.
அடித்துவிட்டு எழுதினேன்:
பெண்கள் – தூரத்திலிருந்து.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது
அவளே திரும்ப எடுத்தாள்.
"பன்னெண்டுக்கு நிறுவைக்குக் கீழ வருவோம்.
தராசுக்குப் பக்கத்துல வேன நிப்பாட்டுங்க.
சிரிக்கச் சொல்லாதீங்க.
கங்காணி ஆளுக்கு ரெண்டு கிலோ கழிக்கிறத
அவங்களும் படம் புடிக்கட்டும்."

பன்னிரண்டு மணி, நிறுவை என்று எழுதி,
மழைக்கென ஒதுக்கிய கால்மணியையும்
அதிலேயே சேர்த்தேன்.