நனைந்த பின் இறங்குவது

மூன்றாம் மாதம்தான் கவனித்தேன்,
என் நரை பச்சையாகியிருந்தது.
கருப்பு கருப்பாகவே இருக்க
காதோரத்து வெள்ளைகள் மட்டும்
முருங்கைக் காம்பின் நிறத்தில்.
"பாசி பிடிச்சிருச்சா?" என்றான் மகன்,
பீன்ஸ் பன்னியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

நீந்து என்று மட்டும்தான் சொன்னார் முழங்கால் டாக்டர்.
முடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அவருக்கு முடி இல்லை.

ஜேக்கப்ஸ் சட்டைத் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருடம் நின்ற கால்
தண்ணீருக்குள்தான் என்னைத் திட்டாமல் இருக்கிறது.
ஆகவே வாரத்தில் நான்கு நாள்
சாட்ஸ்வொர்த் நகராட்சிக் குளம்,
காலை ஆறரை, சுவரோரத் தடம்.
வீடு திரும்பினால் தலையணையில் குளோரின் வாசம்,
சீப்பில் ஒரு கொத்து,
விரலால் நீவினால் கீச்சென்று
கழுவிய தட்டுப்போல் சத்தமிடும் முடி.

முதலில் எண்ணெய் தடவிப் போனேன்,
கோயிலுக்குப் புறப்பட்டவள் மாதிரி, வழிய வழிய.
காவலர் ம்கீஸே விசில் ஊதினார்.
என் தேங்காயெண்ணெய்
வானவில்லாகி ஆறாம் தடம் வரை போயிருந்தது.
அப்புறம் தொப்பி. நூற்றிருபது ராண்ட்.
இடுப்புவரை வளர்ந்தது அதற்குள் அடங்குமா?
அடைத்தால் என் தலை மாடி வைத்த வீடு.
மூன்றாவது சுற்றில் பின்னல் மட்டும்
கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்.
சலூன் யோகேஷ்ரீ கத்தரியைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்,
"ஆன்ட்டி, தோள் வரைக்கும்?"
யோசிக்கிறேன் என்றேன்.
யோசிக்கவில்லை.

நொக்வாசி நர்ஸ். இரவு வேலை முடித்து
நேராகக் குளத்துக்கு வருபவள்.
தலை நிறையச் சன்னப் பின்னல்கள்.
இறங்குமுன் நான்கு நிமிடம்
ஷவரின் கீழ் கண்மூடி நிற்பாள்.
தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.
"இல்லை தேவா, குடிக்க விடுகிறேன்.
குடித்துவிட்டு வந்த முடி இங்கே குடிக்காது."

விருந்துக்குக் கூப்பிட்ட வீடு சரியில்லை என்றால்
கஞ்சி குடித்துவிட்டுப் போவோமே, அதேதான்!
நாற்பத்தேழு வயதில்
இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு
இரண்டு நாள் என்மேல் கோபமாக இருந்தேன்.

ஒரு கை கண்டிஷனர், தளரப் பின்னல்.
தொப்பியில் தண்ணீர் நிரப்பி
அவள் என் உச்சந்தலையில் கவிழ்ப்பாள்.
டொப்பென்று தானாக ஏறிக்கொள்ளும்.
வெளியே வந்ததும் அலசல், உடனே,
பேச்செல்லாம் அப்புறம்.

பிப்ரவரியில் எங்கோ பெரிய குழாய் வெடித்தது.
பதினோரு நாள் வீடுகளில் தண்ணீர் இல்லை.
குளம் மட்டும் விளிம்புவரை,
நீலமாய், கூச்சமில்லாமல்.
ஷவரைத் திருகினால் இருமியது.

லாரி வந்த அன்று வரிசையில் நின்று
இரண்டு லிட்டர் கோக் பாட்டிலில் தனியாகப் பிடித்தேன்.
"குடிக்கவா?" என்றார் பின்னால் நின்ற பூபாலன்.
ஆமாம் என்றேன்.
இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

நொக்வாசி வெறுங்கையோடு வந்தாள்.
சனிக்கிழமைதான் புதிதாகப் பின்னியிருந்தாள்,
ஆறு மணி நேரம், எண்ணூறு ராண்ட்.
பாட்டிலைப் பார்த்தாள். கேட்கவில்லை.
முன்னால் நனைக்கவா, பின்னால் அலசவா,
இரண்டு தலைக்கு இரண்டு லிட்டரில்?
முதலில் அவளைக் குனியச் சொன்னேன்.
பின்னல் பின்னலாய் ஊற்ற ஊற்ற
கீழே என் தொப்பியை ஏந்திக்கொண்டாள்.
அவள் தலையிலிருந்து இறங்கியது
அப்படியே என் தலைக்கு ஏறியது.
ம்கீஸே வேறு பக்கம் பார்த்தார்.
மிச்சம் அரை பாட்டில். அதையும்
குளித்தேறி இப்படியே பங்கிட்டோம்,
இந்த முறை நான் முதலில்.

வீட்டில் மகன் கெட்டிலைத் திறந்து வைத்திருந்தான்.
"லாரித் தண்ணி பிடிச்சியாமே, பூபாலன் அங்கிள் சொன்னார்.
எங்கே? டீ போடணும்."

ஈரப் பின்னலை முன்னால் இழுத்து
கெட்டிலுக்கு நேராகப் பிழிந்தேன்.
இரண்டு சொட்டு விழுந்தது.