அமர்வு காலாவதியானது

எங்கள் அறையில் ஐந்து பேர் சோதித்துப் பார்த்தோம்.
ஐவரில் கணினி தெரியாதவன் என்று
நாங்கள் கேலி செய்த கணக்குப் பிரிவு நிர்மல்
எக்செல்லில் பிவட் போட்டுக்கொண்டே டீ குடிப்பவன்.
அவனுக்கே புரிந்துவிட்டது,
அப்புறம் யாருக்குப் புரியாது என்றேன்.
'மூன்றே தட்டு' என்று அறிக்கையில் எழுதினேன்.

மூன்றாம் மாதம்
ஆத்தூர் சாலை சேகோ மில்லிலிருந்து
நாளுக்கு ஒரே ஒரு லோடு வந்துகொண்டிருந்தது
எங்கள் திரைக்கு.
கிழங்குப் பருவத்தில் ஒரு லோடா?
சர்வரைத் திட்டினேன், நெட்வொர்க்கைத் திட்டினேன்,
பிறகு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி
தட்டுவடை செட் ஒன்று தின்றுவிட்டு
வண்டி மாறினேன்.

மில் வாசலில்
புளித்த மாவு வாடைக்குள் டிராக்டர் வரிசை.
எடைமேடைக் கூண்டில் பூங்கோதை.
கையில் நோட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
ஜன்னல் வழியே ஒற்றை விரலால்
செங்கோடனின் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறாள்.
பாயிண்ட் இருபத்தெட்டு என்று கத்துகிறான் ஒருவன்.
கத்தி முடிக்கும் முன்
தொகை நோட்டில் இருக்கிறது.

"சாஃப்ட்வேர்ல போடலையா?"
"காலையில ஒண்ணு போட்டேனே."

என் கடவுச்சொல் விதிகள் அப்படியே பலித்திருந்தன:
பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று,
எல்லாம் சுவரில் சாக்பீஸால்,
அன்றைய பாயிண்ட் விலைக்கும்
மாரியம்மன் காலண்டருக்கும் நடுவில்.
வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது மனப்பாடம்.

மேலே மூன்று கோடு இருக்கிறதே, அதைத் தொடுங்கள் என்றேன்.
"எது, விபூதிப் பட்டையா?"
அமைப்புகள்?
"பல்சக்கரம். அதைத் தொடாதேன்னு ஓனர் சொல்லியிருக்காரு."
பகிர்வதற்கு?
"கவட்டை."
சேமிக்க நாங்கள் வைத்த சதுரத்தை மட்டும்
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"இது பிடிபடலை சார். பீரோவா?"
ஃபிளாப்பி என்றேன்.
நானே அதைக் கையால் தொட்டதில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

முதல் லோடைப் போட்டாள்.
அடுத்த வண்டி மேடையேற அரை மணி.
மூட்டையில் மண் எவ்வளவு என்று சண்டை.
பிறகு திரை சொன்னது:
அமர்வு காலாவதியானது. மீண்டும் உள்நுழைக.

"தெனமும் இதேதான்" என்றாள்.
"காலாவதியெல்லாம் மாத்திரைக்குத்தானே சார்.
சரி, உக்காந்ததுதான் தப்பு போலன்னு எந்திரிச்சேன்.
வெளிய போயி, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு,
திரும்ப உள்ள வந்தேன்.
அப்பவும் அதையே சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை.
செங்கோடன் சிரிக்கவில்லை.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அந்த வாக்கியம் நான் எழுதியதுகூட இல்லை,
மொழிபெயர்ப்புக் கருவி துப்பியதை ஒட்டியிருந்தேன்.
தமிழ் தெரிந்த ஐந்து பேரும்
சோதித்தது ஆங்கிலத் திரையை.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் பெரிதாக்கினேன்.
இட்லி அளவு பட்டன்.
பச்சையில் சரி, சிவப்பில் வேண்டாம்.
ஒவ்வொரு திரையிலும் கையாட்டும் ஒரு பொம்மை.

மறுநாள் வாய்ஸ் நோட், பின்னால் டிராக்டர் உறுமல்:
"சார், எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.
இப்ப ஒரு லோடுக்கு நாலு தரம் கீழ தள்ள வேண்டியிருக்கு.
அந்தப் பொம்மையை வீட்டுக்கு அனுப்பிடுங்க.
பழசே போதும்.
நேரமாச்சுன்னா நேரமாச்சுன்னு சொல்லச் சொல்லுங்க."

மாற்றினேன்:
ரொம்ப நேரமாச்சு. பாஸ்வேர்டை இன்னொரு தரம் போடுங்க.
இது பேச்சுத் தமிழாயிற்றே என்றார் மேலாளர்.
ஆமாம் என்றேன்.

நேற்று நாற்பத்தொரு லோடு.
ஒன்றில், வண்டி எண் கேட்ட இடத்தில்
செங்கோடன் என்று இருக்கிறது.
அதுவும் சரிதான், யார் என்று தெரிகிறது.

பாயிண்டைக் காற்றிலேயே பெருக்குகிறவள்
நிஜமாகவே செருப்பைக் கழட்டிவிட்டு வந்தாளா?
கேட்கலாமென்று தட்டச்சு செய்தேன்,
இரண்டு தரமும் அழித்துவிட்டேன்.