முந்நூறு கிராம்

ஒச்சப்பன் கடையில் டோக்கன் கிடையாது.
வாரம் ஆறு நாள் பல் ஆஸ்பத்திரியில்
நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நான்,
ஞாயிற்றுக்கிழமை செல்லூர்ச் சந்து முனையில்
பத்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன்,
கையில் தூக்குவாளி,
பர்ஸில் மடித்த முந்நூறு ரூபாய்.

"ஒன்றரைக் கிலோ, தொடையாப் போடு."
"ரெண்டு கிலோண்ணே, பிரியாணிக்கு."
கிலோக்கள் உரக்கப் பேசும்.
கிராம்கள்
வெட்டுமரத்துக்குப் பக்கத்தில் வந்து
தொண்டையைச் செருமிக்கொள்ளும்.

கல்யாணமான வருஷம் நானும் காதோடுதான் சொன்னேன்.
சவ்வும் சில்லெலும்பும் போட்டுக் கட்டினார்.
இப்போது தெருவுக்கே கேட்கும்:
முந்நூறு கிராம். கழுத்துக்கறி.
கூட ஒரு நல்லி.
சவ்வை எடுத்துட்டு நிறுங்க.

தொடை கேட்கிறவர்களுக்குத் தெரியாது.
குனிந்து மேய்ந்து, நிமிர்ந்து பார்த்து,
கருவேலங்காய்க்கு எக்கி எக்கி
நாள் முழுக்க உழைத்தது கழுத்து.
ருசி அங்கேதான் போய்த் தங்கும்.
வேக நேரமாகும், அவ்வளவுதானே.
நேரத்துக்கு ஒச்சப்பன் காசு வாங்குவதில்லை.

சிலிண்டர்காரன் வாங்குவான்.
அதனால் நாலு விசிலில் அடுப்பை அணைத்து,
குக்கர் மேல் பழைய துண்டைப் போர்த்தி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத்
தொந்தரவு பண்ணாமல் விட்டுவிடுவேன்.
மிச்சத்தை அதுவே வெந்துகொள்ளும்.

மசாலா வேலை கீழமாசி வீதியில்
மாதப் பிறப்பிலேயே முடிந்திருக்கும்.
ஜெயராக்கினி, முத்துப்பேச்சி, நான்.
ஒரே ஷேர் ஆட்டோ, ஒரே சிட்டை.
அஞ்சு கிலோ மல்லி, மூணு கிலோ வத்தல்.
மொத்த வியாபாரிகள் என்று நினைத்து
ஒருதரம் கடைக்காரர் டீ சொல்லிவிட்டார்.
மறுக்கவில்லை, குடித்தோம்.
மல்லியை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தேன்.
வாசம் வராவிட்டால் அது போன வருஷத்துச் சரக்கு,
சும்மா கொடுத்தாலும் உமிதான்.
ஜெயராக்கினி வீட்டில் மூட்டை பிரித்து
உழக்கால் அளந்தோம், சிரித்துக்கொண்டே.
மிளகு ஆளுக்கு ஐம்பது கிராம்.
மிளகைப் பிரிக்கும்போது மட்டும்
யாரும் யாரோடும் பேசவில்லை.

ரேஷன் பருப்பைக் குறை சொல்வாள் முத்துப்பேச்சி.
ஊறப்போட்டியா என்று கேட்டால்
பேச்சை மாற்றுவாள்.

இன்றைக்குச் சின்ன வெங்காயம் விலை ஏறிப்போச்சு,
பெரியதுதான்.
எண்ணெய் ஒரு கரண்டி போதும்,
மீதியைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும்.
சோம்பு, சீரகம், எண்ணிப் போட்ட மிளகு,
கால் மூடித் தேங்காய்.
மூடியை உள்ளங்கையால் அமுக்கினால்தான்
ஓடுகிற மிக்சி.
இரண்டு உருளைக்கிழங்கைக்
கறித்துண்டு அளவுக்கே நறுக்க வேண்டும்.
குழம்புக்குள் எது கறி, எது கிழங்கு என்று
கண்ணுக்குத் தெரியக் கூடாது.
கரண்டிக்குத் தெரியும்.

துண்டுகள் பதினேழு.
சோணைமுத்துக்கு ஆறு, நிகிலாவுக்கு ஆறு,
எனக்கு அஞ்சு.
இது கணக்கு, தியாகம் இல்லை.
ராத்திரி சட்டியில் சோற்றைப் போட்டு வழிக்கும்போது
அந்த ஆறாவது எனக்கு வந்துவிடும்.

நல்லி இந்தக் கணக்கில் வராது.

உப்பு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு
அடுப்படிக் கதவை ஒருச்சாய்த்தேன்.
சுடச்சுட எடுத்து
ஒரு பக்கம் விரலால் பொத்தி உறிஞ்சினேன்.
பாதிதான் வந்தது.
தட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்,
வழுக்கிக்கொண்டு இறங்கியது மீதி.
ஆறு நாள் நின்ற கால்கள்
கொஞ்ச நேரம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"என்னம்மா சத்தம்?"
"கரண்டி விழுந்துருச்சு."

எலும்பைக் காகிதத்தில் சுற்றிக்
குப்பையின் அடியில் வைத்தேன்.
உப்பு சரியாக இருந்தது.

சோணைமுத்து குழம்பைக் கிளறிக் கிளறிப் பார்த்தார்.
"நல்லி போடலையா அந்த ஆளு?"
"போடலை. அடுத்த வாரம் கேக்குறேன்."

"நீ கேட்டா குடுக்க மாட்டான்," என்றார்,
கையை நக்கிக்கொண்டே.
"நானே வர்றேன் ஞாயித்துக்கெழமை."